கெடுத்தார் வீடும் கொடுத்தார் வீடும்

அந்த ஊரில் இரண்டு வீடுகளுக்கு மட்டும் கதவு எண் தேவைப்படவில்லை. ஒன்று கொடுத்தார் வீடு. இன்னொன்று கெடுத்தார் வீடு. தபால்காரர் புதிதாக வந்தவர் என்றால் முதல் மாதம் முழுக்க மாற்றி மாற்றித்தான் போடுவார். கொடுத்தார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை கெடுத்தார் வீட்டு வாசலில் கிடக்கும். கெடுத்தார் வீட்டு மின்சார நோட்டீசு கொடுத்தார் வீட்டுக் குப்பைக்கூடைக்குப் போகும். எழுத்தில் பார்த்தால் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். ஊர் மரியாதையில் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கொடுத்தார் என்பது சாயப்பட்டறை முதலாளி. பள்ளிக்கூடத்துக்கு நிலம், நூலகத்துக்குக் கூரை, பேருந்து நிற்கிற இடத்தில் நாலு சிமெண்டு பெஞ்சு என்று வாழ்நாள் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருந்த புண்ணியவான். பெஞ்சு ஒவ்வொன்றின் முதுகிலும் அவர் பெயர் உண்டு. மழைக்காலத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் அவர் பெயர் நம் சட்டையோடு வீட்டுக்கு வந்துவிடும். அவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இப்போது மகன் ஆட்சி. ஐம்பத்தைந்து வயது, தலையில் பாதி வழுக்கை, ஆனாலும் ஊருக்கு அவர் 'சின்னவர்'.

கெடுத்தார் என்பது குளத்துக் காவல்காரர். ஊருக்கு நடுவில் முன்பு ஒரு பெரிய குளம் இருந்தது. சாயப்பட்டறைக் கழிவு ஒரு வாய்க்காலில் வந்து, குளத்தைத் தொடாமல் ஒதுங்கி, ஊரைத் தாண்டிப் போக வேண்டும். வாய்க்காலுக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு மதகு. இரும்புப் பலகை, அதற்கு ஒரு பூட்டு, அந்தப் பூட்டுக்குச் சாவி காவல்காரர் இடுப்பில். மழைத் தண்ணீர் வந்தால் திறக்கணும், சாயத் தண்ணீர் வந்தால் மூடணும், அவ்வளவுதான் உத்தியோகம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவர் மதகைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கிப் போனார், சாயம் புகுந்து குளம் கெட்டது, வேலை போனது. இது ஊர்த் தீர்ப்பு. முதலில் 'குளங்கெடுத்தார்' என்றுதான் பெயர். பிறகு குளத்தைத் தூர்த்தார்கள். பெயரிலிருந்த குளமும் தூர்ந்து, மிச்சம் 'கெடுத்தார்' மட்டும் நின்றது.

அவருக்கு ஒரே மகள். நாற்பத்தாறு வயது, கல்யாணம் காட்சி ஒன்றும் இல்லை. "கெடுத்தார் மகளைக் கட்டினா குடும்பத்தையும் கெடுத்துருவா" என்று பெண் பார்க்க வந்தவர்களில் ஒருத்தி வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனாள். அத்தோடு மகள் அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. இரண்டு கணினி, ஒரு பிரிண்டர் வைத்து அச்சு வேலை எடுத்துச் செய்கிறாள். பத்திரிகை, நோட்டீசு, மலர், ரசீதுப் புத்தகம் எல்லாம் கோத்துக் கொடுப்பாள். அச்சு நகரத்தில் ஆகும். கடை இருப்பது வணிக வளாகத்தின் தரைத்தளத்தில். வளாகம் இருப்பது குளம் இருந்த இடத்தில். வளாகம் யாருடையது என்று கேட்கிறீர்களா? வேறு யாருடையது! எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று, செத்த குளத்தை ஊர்ச் சபையிடமிருந்து சல்லிசாக வாங்கி, மண் கொட்டி மேடாக்கி, கட்டி வாடகைக்கு விட்டவர்கள் கொடுத்தார் வீட்டார்தான்.

குளத்தை மூடலாம், தண்ணீரை மூட முடியுமா? ஒவ்வொரு மழைக்கும் அவள் கடைச் சுவரின் அடியில் ஊதாக் கறை ஏறும். வருஷத்துக்கு இரண்டு தரம் வெள்ளையடிப்பார்கள். இரண்டே மாதத்தில் ஊதா எட்டிப் பார்க்கும். கூடவே ஒரு நாற்றம். அழுகின முட்டையும் மருந்துக்கடையும் சேர்ந்தது மாதிரி. வருகிற வாடிக்கையாளர் மூக்கைச் சுளிப்பார்கள். அவளுக்கு மூக்கு மரத்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். பொய். அவளுக்கு ஒவ்வொரு நாளும் நாறியது. சிறுமியாக இருக்கும்போது அந்தக் குளத்தங்கரையில் பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள், நாளைக்குத் தண்ணீர் என்ன நிறம் என்று. ஒரு நாள் பச்சை, ஒரு நாள் சிவப்பு. கடைசியில் எல்லாம் சேர்ந்து கறுப்பு. மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்த அன்று பந்தயம் நின்றது.

அது கிராமம்தான், அரசாங்கக் காகிதத்தில். எழுபதாயிரம் பேர், மூன்று சினிமாக் கொட்டகை, பத்து நிமிஷத்துக்கு ஒரு நகரப் பேருந்து. கிராமம் என்று சொன்னால் உள்ளூர்க்காரருக்குக் கோபம் வரும். நகரம் என்று சொன்னால் நகரத்துக்காரருக்குச் சிரிப்பு வரும். இப்படி இரண்டும்கெட்டானாக நிற்கிற ஊருக்குத்தான் வரலாறு எழுதுகிற ஆசை வந்தது. ஊர்ச் சபை ஏற்பட்டு நூறு வருஷமாம். மலர் போடணுமாம். செலவு முழுக்கச் சின்னவர் ஏற்பாராம். எழுதியது யார்? பட்டறைக் குமாஸ்தா. தொண்ணூற்றாறு பக்கத்தில் ஐம்பத்தெட்டு படம், அதில் ஐம்பத்தொன்றில் பெரியவர், அதாவது போய்ச் சேர்ந்த கொடுத்தார், கத்தரிக்கோலும் கையுமாக நிற்கிறார். கண்றாவி! ரிப்பன் வெட்டுகிறவர் ஊரை உண்டாக்கினவர் என்றால் தையற்காரர் உலகத்தையே உண்டாக்கியிருப்பாரே.

அந்த வேலை அவளிடம் வந்தது. வாடகைக்கு இருக்கிறவள் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அதுவுமில்லாமல் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. முப்பத்தோராம் பக்கத்தில் குளத்தைப் பற்றி இரண்டே வரி. 'ஊரின் பெருமையாக விளங்கிய இக்குளத்தைக் கெடுத்தவர் அன்றைய காவல்காரர் ஆவார். பின்னர் அவ்விடம் மேடாக்கப்பட்டு, இன்று வணிக வளாகமாகப் பொலிவுடன் திகழ்கிறது.' இந்த முதல் வரியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கணும். வாயில் சொல்வது காற்றோடு போகும். புத்தகத்தில் ஏறினால் கல்லில் வெட்டின மாதிரி. அப்பாவுக்கு எண்பது வயது. அவர் போன பிறகும் நூலக அலமாரியில் 'கெடுத்தவர்' என்று உட்கார்ந்திருப்பாரே, அதை நினைத்தால் அவளுக்கு வயிறு எரிந்தது.

ஏனென்றால் அவளுக்கு உண்மை தெரியும். ஆறு வயதில் அப்பா அவளை மடியில் உட்கார வைத்துச் சொன்னார்: "நான் தூங்கலம்மா. அவங்க பூட்டை உடைச்சுட்டாங்க." அன்றிலிருந்து அவள் அதைச் சொல்லிக்கொண்டுதான் திரிந்தாள். பள்ளிக்கூடத்தில் சொன்னாள், கல்லெறி பட்டாள். குழாயடியில் சொன்னாள், குடத்தைக் கவிழ்த்தார்கள். அவள் வாய் மூடவில்லை. எங்கப்பா தூங்கல, பூட்டை உடைச்சாங்க, பட்டறைக்காரங்கதான் உடைச்சாங்க! ஊர் சிரித்தது. அவளைச் சபை உதவித்தொகையில் நகரத்து விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கேதான் எழுத்தும் அச்சும் படித்தாள். திரும்பி வந்தும் அதையேதான் சொன்னாள்.

சின்னவர் கடைக்கு வந்த முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"சார், முப்பத்தோராம் பக்கத்துல அந்த ஒரு வரி வேண்டாமே. வயசானவரு. ரொம்ப மனசு கஷ்டப்படுவாரு."

சின்னவர் முகத்தில் ஒரு கருணை வந்தது. அந்தக் கருணையைப் பார்த்தால் குமட்டும்.

"என்னம்மா நீ, படிச்ச பொண்ணு! இது வரலாறும்மா. நம்ம இஷ்டத்துக்கு வரலாற்றை மாத்த முடியுமா? ஒரு எழுத்தக்கூடத் தொடக்கூடாது. உங்கப்பா மேல எனக்குக் கோவம் கிடையாது. எங்கப்பாவும் பாவம்னுதான் சொல்வாரு."

பாவமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு போட்டவனையே பாவம் என்பது இந்த ஊரில் மட்டும்தான் நடக்கும்.

இதற்குள் இன்னொரு கூத்து நடந்தது. குமாஸ்தா பழைய கணினியில், பழைய எழுத்துருவில் அடித்துக்கொண்டு வந்திருந்தார். அதைப் புதிய எழுத்துருவுக்கு மாற்றினால் ஒரு கோளாறு: 'கொ' என்ற எழுத்தில் பின்னால் நிற்கும் துணைக்கால் மட்டும் எங்கேயோ தொலைந்து போகும். எல்லா 'கொ'வும் 'கெ' ஆகிவிடும். 'கொண்டு' போய் 'கெண்டு' ஆகும், 'கொள்கை' போய் 'கெள்கை' ஆகும். இதெல்லாம் தமிழில் இல்லாத சொல் என்பதால் கணினியே கண்டுபிடித்துச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும், உட்கார்ந்து திருத்திவிடலாம். ஆனால் 'கொடுத்தார்' என்பது 'கெடுத்தார்' ஆனால் கணினி என்ன செய்யும்? அதுவும் நல்ல தமிழ்தானே!

அன்றைக்கு அவள் மற்றதையெல்லாம் திருத்திவிட்டு, கெடுத்தார்களை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்துத் திருத்தலாம் என்று மிச்சம் வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சின்னவர் வந்து நின்றார். கையில் ஒரு பென் டிரைவ். திரையில் பன்னிரண்டாம் பக்கம் திறந்திருந்தது.

'பெரியவர் பள்ளிக்கு நிலத்தைக் கெடுத்தார். நூலகத்தைக் கெடுத்தார். நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வாழ்வு கெடுத்தார். தம் இறுதிக் காலம் வரை ஊருக்காகக் கெடுத்துக்கொண்டே இருந்தார்.'

சின்னவர் படித்தார். வழுக்கை வரைக்கும் சிவந்துவிட்டது.

"என்னது இது? வேணும்னே பண்றியா? அப்பனுக்காகப் பழி வாங்கறியா?"

"ஐயோ, இல்ல சார். எழுத்துரு மாத்தினதுல கால் விழுந்துடுச்சு. இன்னும் திருத்தல. ஒவ்வொண்ணா படிச்சு மாத்தணும், சாயந்திரத்துக்குள்ள முடிச்சுடுவேன்."

"ஒவ்வொண்ணாவா? நீ ரெண்டு விட்டுடுவ, எங்க மானம் கப்பலேறும். கம்ப்யூட்டர்ல மொத்தமா மாத்தற வசதி இருக்குல்ல? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கெடுன்னு எங்க இருந்தாலும் கொடுன்னு மாத்து. என் கண்ணு முன்னால, இப்பவே."

"மொத்தமா மாத்தினா மாத்தக்கூடாத எடத்துலயும் மாறிடும் சார். நெஜமாவே கெடுன்னு இருக்க வேண்டியது சிலது..."

"எனக்குப் பாடம் எடுக்காத! மொதல்ல இந்த பென் டிரைவ்ல இருக்கறதையும் கடைசியில சேத்துடு. அப்பா கொடுத்ததெல்லாம் பட்டியல் போட்டிருக்கு. பழைய நோட்டைத் தேடிப் பிடிச்சு குமாஸ்தா அடிச்சது. சேத்துட்டு, மாத்து."

சேர்த்தாள். மாற்றினாள். ஒரு சொடுக்கு. 'அறுபத்துநான்கு இடங்களில் மாற்றப்பட்டது' என்று திரை சொன்னது. சின்னவர் பன்னிரண்டாம் பக்கத்தை மட்டும் மறுபடி படித்தார். ஊருக்காகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். முகம் மலர்ந்தது. அவள் அச்செடுத்துக் கொடுத்த படியின் முதல் பக்கத்தில் 'அச்சுக்குப் போகலாம்' என்று எழுதி, நீட்டிப் படுத்த ஒரு கையெழுத்தும் போட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். தன் கட்டிடத்து நாற்றம் தனக்கே தாங்கவில்லை அவருக்கு.

அவர் தலை மறைந்ததும் அவள் படிக்க உட்கார்ந்தாள். பாவி மனுஷன் பண்ணி வைத்த கூத்தைப் பார்க்கணுமே! 'காலக்கெடு' எல்லாம் 'காலக்கொடு' ஆகியிருந்தது. 'கெடுபிடி' 'கொடுபிடி' ஆகியிருந்தது. குமாஸ்தா எங்கேயோ பழமொழி சொல்லியிருந்தார். அது 'கொடுவான் கேடு நினைப்பான்' என்று நின்றது. அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரி செய்துகொண்டு வந்தாள். முப்பத்தோராம் பக்கம் வந்தது.

'ஊரின் பெருமையாக விளங்கிய இக்குளத்தைக் கொடுத்தவர் அன்றைய காவல்காரர் ஆவார்.'

இரண்டு தரம் படித்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், பக்கத்துக் கடை செருப்புக்காரர் எட்டிப் பார்த்து "என்னக்கா ஆச்சு?" என்று கேட்கிற அளவுக்குச் சிரிப்பு. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி! ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது என்றவர் தன் வாயாலேயே மாற்றச் சொல்லி, தன் கையாலேயே கையெழுத்தும் போட்டுவிட்டார். நாற்பது வருஷமாக அவளால் முடியாததைச் சின்னவரின் அவசரம் ஒரு சொடுக்கில் முடித்துவிட்டது. இதை மட்டும் திருத்த மாட்டேன் என்று முடிவு பண்ணினாள். தொழில் தர்மமாவது மண்ணாவது! அவர் சொன்னதை அவள் செய்தாள், அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது கடைசிப் பட்டியல். 'பெரியவர் கொடுத்தவை' என்று தலைப்பு, கீழே வருஷம் வாரியாக நாலு பக்கம். சும்மா கண்ணை ஓட்டினாள். பெஞ்சு, கூரை, ஒலிபெருக்கி, தண்ணீர்த் தொட்டி. தண்ணீரைக் கெடுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி, தூ! இன்னும் கீழே வந்தாள். குளம் செத்த வருஷம். 'காவல்காரர் மகளுக்கு நகரத்து விடுதிப் பள்ளிப் படிப்பு. கொடுத்தது, பத்து ஆண்டுகள்.'

அவள் மறுபடி படித்தாள். சபை உதவித்தொகை என்றல்லவா அப்பா சொன்னார்? எழுத்துப் பிழையோ என்று பார்த்தாள். பிழை ஒன்றும் இல்லை. துணைக்கால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த வருஷத்துப் பட்டியலில் வேறு எந்தப் பிள்ளையின் படிப்பும் இல்லை. அதற்கு முந்தின வருஷத்திலும் இல்லை, பிந்தின வருஷத்திலும் இல்லை. கொடுத்தார் வீட்டார் காவல்காரர் மகளை மட்டும் எதற்குத் தேடிப் பிடித்துப் படிக்க வைத்தார்கள்?

நாலு மணிக்கே கடையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அப்பா கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. பொடி எழுத்து தெரியாது, ஆனால் அவள் நடை தெரியும்.

"என்னம்மா, சீக்கிரம் வந்துட்ட?"

அவள் நேராகக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. பையிலிருந்து முப்பத்தோராம் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"உன்னைப் பத்திப் புஸ்தகத்துல வந்திருக்குப்பா. படிக்கறேன், கேளு." படித்தாள். "இக்குளத்தைக் கொடுத்தவர் அன்றைய காவல்காரர் ஆவார்."

"கெடுத்தவர்னுதானே எழுதியிருப்பாங்க?"

"இல்ல. கொடுத்தவர்னு வந்திருக்கு. சின்னவர் அவசரத்துல எல்லாத்தையும் மாத்தச் சொன்னாரு, இதுவும் சேந்து மாறிடுச்சு."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. வேட்டியின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

"சரியாத்தான் வந்திருக்கு," என்றார்.

"என்ன சரியா?"

"கொடுத்தேன். சாவிய நான்தான் கொடுத்தேன்."

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"பூட்டை உடைச்சாங்கன்னு சொன்னியே."

"எங்க உடைச்சாங்க! உடைக்கறதுக்குத் திருடனுக்காவது கொஞ்சம் தெம்பு வேணும். இவங்க கேட்டாங்க. கேட்டதும் எடுத்துக் கொடுத்துட்டேன். சாயத் தண்ணி வாய்க்கால் வழியா நகரம் வரைக்கும் வருதுன்னு அங்கேந்து அதிகாரிங்க பாக்க வர்றாங்க, பத்து நாளைக்கு மட்டும் குளத்துல விட்டுக்கறோம்னு பெரியவர் சொன்னாரு. பத்து நாள்னுதான் சொன்னாரு. அப்புறம் சாவி திரும்பி வரவே இல்ல."

"கேக்க வேண்டியதுதானே!"

"கேட்டேன். அப்பதான் சொன்னாரு, தூங்கிட்டேன்னு சொல்லிடு, உன் பொண்ணை நாங்க படிக்க வைக்கறோம்னு."

அவள் எழுந்து போய்க் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். எதற்குக் கழுவுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை, கழுவிக்கொண்டே இருந்தாள். சின்னவர் மேல் வந்த அருவருப்பெல்லாம் அருவருப்பா? அது பழகின நாற்றம். இது வேறு. தன் வீட்டுக் கூடத்திலிருந்து, தான் சோறு ஊட்டுகிற வாயிலிருந்து வருகிற நாற்றம். அவளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது அந்தச் சாவி. கொவுக்கும் கெவுக்கும் வித்தியாசம் காட்டியது அந்தச் சாவி. அந்தக் குளத்து மீன் அத்தனையும் மல்லாந்தது அவள் பரீட்சை எழுதுவதற்காக. சீ!

திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள்.

"நாப்பது வருஷம். குழாயடியில என் குடத்தைக் கவுத்தாங்க. மண்டையில கல்லு பட்டுத் தையல் போட்டுச்சு, நீதான் தூக்கிட்டு ஓடின. அப்பகூடச் சொல்லலியேப்பா. வேற யார்கிட்டயும் சொல்ல வேணாம், என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிம்மா சொல்றது? உன்ன சமாதானப்படுத்த ஒரு நாள் பொய் சொன்னேன். மறுநாள் பாத்தா நீ தெருவெல்லாம் நின்னு சொல்ற. எங்கப்பா தூங்கல, பூட்டை உடைச்சாங்கன்னு கத்திக் கத்திச் சொல்ற. இந்த ஊர்ல என்ன நல்லவன்னு நெனச்சது நீ ஒருத்திதான். அதையும் கொடுத்துட சொல்றியா?"

தனக்குப் பரிதாபம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தினாளே, அந்தப் பொய்யின் ருசிதான் நாக்கில் இருந்தது.

மறுநாள் காலை கடையைத் திறந்தபோது சுவரில் ஊதா ஒரு விரல் ஏறியிருந்தது. நகரத்திலிருந்து அச்சுக்காரர் ஃபோன் பண்ணினார்: "அக்கா, ஃபைல் இன்னும் வரல, பத்து மணிக்கு பிளேட் போடணும்." அரை மணி நேரம் கேட்டாள். முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்தாள்.

அப்படியே விட்டுவிடலாம். யாருக்குத் தெரியும்? 'கொடுத்தவர்' என்று அப்பா நூலகத்தில் பெருமையாக உட்கார்ந்திருப்பார், பெஞ்சில் பெயர் பொறித்தவருக்குப் பக்கத்திலேயே. அவள் ஆசைப்பட்டது அதுதானே! ஆனால் அந்த வரியைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பெஞ்சின் முதுகுதான் ஞாபகம் வந்தது. இந்தப் பொய்யும் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும், துவைத்தாலும் போகாது.

இரண்டு வரியையும் அழித்தாள். புதிதாக அடித்தாள்.

'இக்குளத்தைக் கெடுத்தவர் சாயப்பட்டறை முதலாளி. அதற்காக மதகுச் சாவியைக் கொடுத்தவர் அன்றைய காவல்காரர். அதற்குக் கூலியாகப் படித்தவள் இந்த மலரைக் கோத்தவள்.'

படித்துப் பார்த்தாள். பிழை இல்லை. ஆனால் கீழே ஒருத்தர் கையெழுத்து இருக்கிறதே. பிழை திருத்துவது வேறு, கையெழுத்து வாங்கின பிறகு கேட்காமல் விஷயத்தையே மாற்றுவது அவள் தொழிலில் கிடையாது. இருபது வருஷத்தில் ஒரு தரம்கூடச் செய்ததில்லை. சாவியைத் திருட்டுத்தனமாகக் கைமாற்றினது ஒரு தலைமுறைக்குப் போதும். ஃபோனை எடுத்தாள்.

"சார், முப்பத்தோராம் பக்கத்துல ரெண்டு மூணு திருத்தம் போட்டிருக்கேன். கொடு, கெடு எல்லாம் எடம் மாறியிருந்துச்சு. வந்து ஒரு தடவை பாத்துடறீங்களா?"

"இன்னுமா? நான்தான் கையெழுத்தே போட்டுட்டேனேம்மா! பந்தல்காரன் ஒரு பக்கம், சமையக்காரன் ஒரு பக்கம் உயிரை வாங்கறான். நீயே பாத்துக்க."

"உங்க பட்டறையைப் பத்தியும் ஒரு வரி சேத்திருக்கேன் சார். உங்கப்பா பேர்ல. குளத்துப் பக்கத்துல."

சின்னவர் குரல் குழைந்தது.

"அப்படியா! பாத்தியா, உனக்கும் நன்றி இருக்கு. எல்லாரும் மறந்துட்டாங்க, எங்கப்பா எவ்வளவு செஞ்சிருக்காருன்னு. போடும்மா. பொடியா போடாத. நல்லா கறுப்பா, பெருசா போடு. எல்லார் கண்ணுலயும் படணும்."

"சரி சார்."

கறுப்பாக்கினாள். மூன்று அளவு பெரிதாக்கினாள். பக்கத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். அனுப்பினாள். அச்சுக்காரர் கிடைத்தது என்று செய்தி போட்டார். மாதக் கடைசியில் கடையைக் காலி பண்ணச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போய் அட்டைப்பெட்டி இரண்டை இறக்கி வைத்தாள். அந்தச் சுவரை இனிமேல் பார்க்க வேண்டாம் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனாள். அப்பா காத்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அவள் சோறு போட்டாள். அவர் தட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்த வரிய என்ன பண்ண? துணைக்கால எடுத்துட்டியா?"

"உனக்கு எடுக்கல. நீ கொடுத்தவன்தான். அவங்களுக்குத்தான் எடுத்தேன்."

அவர் சரி என்று தலையை ஆட்டினார். அவள் தண்ணீர் டம்ளரை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள்.